பர்மிட் வாங்குவதா, ஃபில்டர் மாற்றுவதா? (சூரத் சாயப்பட்டறை பாய்லர்)

சூரத்தின் தூசி பர்மிட் சந்தையில் (ஆலை வெளிவிடும் தூசிக்கு ஈடாக பர்மிட் வைத்திருக்க வேண்டும்; அதை வாங்கலாம், விற்கலாம்) 900 பர்மிட் கையில், கணக்குக் காலகட்டம் முடிய 30 நாள், புகையில் தூசி கனமீட்டருக்கு 120 மில்லிகிராம், ஓட்டம் மணிக்கு 15,000 கனமீட்டர் என்கிறீர்கள். கனமீட்டருக்கு 150 மில்லிகிராம் என்ற வரம்புக்குக் கீழே இருப்பதால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். அது பழைய விதியின் கணக்கு. சூரத் சந்தையில் மொத்தக் கிலோதான் பேசும். 1 பர்மிட்டுக்கு 1 கிலோ தூசி.

120 × 15,000 × 24 = நாளுக்கு 43.2 கிலோ. 30 நாளில் 1,296. பற்றாக்குறை 396. கிலோ 10 ரூபாய்க்குக் கிடைத்தால் 4,000 ரூபாயோடு போச்சு. விலை உச்சவரம்பான 100 ரூபாய்க்குப் போனால் 39,600. வாங்காமலே விட்டால் நீங்கள் கட்டவேண்டிய இழப்பீடு உச்சவரம்பு விலையைப் போல இருமடங்கு, 79,200. எனவே இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். கடைசி வாரத்தில் எல்லோரும் ஓடிவருவார்கள்.

பேக் ஃபில்டர் (துணிப் பைகளில் தூசியை வடிகட்டுவது) அவசரமில்லை. முதலில் சைக்ளோன் (புகையைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் கருவி) அடியில் சாம்பலை வெளியேற்றும் ரோட்டரி வால்வைப் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பிடிபட்ட சாம்பல் மறுபடி மேலே போகும். சீல் மாற்ற அரைநாள் போதும். பேக் ஃபில்டர் போடுவதானால், குளிர்ந்த பாய்லரைப் பற்றவைக்கும்போது புகையை பைபாஸில் (ஃபில்டரைச் சுற்றிச் செல்லும் வழியில்) விடாவிட்டால் ஈரம் படிந்து துணி அடைத்துக்கொள்ளும். ஆனால் பைபாஸ் நேரமும் கணக்கில் ஏறும், அதைக் குறையுங்கள்.

இன்னொன்று: நிலக்கரியிலிருந்து லிக்னைட்டுக்கு (பழுப்பு நிலக்கரிக்கு) மாறினீர்களா? தூசித் துகளின் அளவும் நிறமும் மாறினால் புகைபோக்கியில் தூசியை அளக்கும் கருவி பொய் சொல்லும். கருவியை மறு அளவீடு (சரிபார்த்துத் திருத்துவது) செய்யாமல் அந்த 120-ஐ நம்ப வேண்டாம்.