மறுமலர்ச்சிக் கால உருவப்படங்களில் அறிவியல் கருவிகளை ஏன் வரைந்தார்கள்? வெறும் பந்தாவுக்கா?

பந்தாவும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லாப் படத்துக்கும் அது பொருந்தாது. ஜெர்மானிய ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைனின் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது, லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள 'தூதர்கள்' (1533). பிரெஞ்சுத் தூதர் ஒருவரும் அவருடைய பிஷப் நண்பரும் அலமாரியில் கையை ஊன்றி நிற்கிறார்கள். நடுவில் கொலுப்படி மாதிரி இரண்டு தட்டு. மேலே விண்கோளம், சூரிய கடிகாரங்கள், வானில் கோணம் அளக்கும் கால்வட்டக் கருவி. கீழே பூகோள உருண்டை, கணக்குப் புத்தகம், நரம்பு அறுந்த லூட் என்னும் தந்தி வாத்தியம். 'நாங்கள் படித்தவர்கள்' என்று சொல்லும் படம்தான். ஒரு கருவியைக்கூட இருவரும் கையில் எடுக்கவில்லை.

எனக்குப் பிடித்தது அதற்கு ஐந்து வருடம் முந்தையது. பாரிஸ் லூவரில் இருக்கிறது. படத்தில் இருப்பவர் நிக்கோலஸ் க்ராட்சர், மியூனிக்காரர், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் வானியலாளர். (வந்து முப்பது வருடமாகியும் உமக்கு ஏன் இங்கிலீஷ் வரவில்லை என்று ராஜா கேட்டாராம். முப்பதே வருடத்தில் எப்படி வரும் என்றாராம் இவர். கதையாகவும் இருக்கலாம்.) ஹோல்பைனுக்கு நண்பர். 1527-இல் கிரீனிச்சில் ஒரு விழாவுக்கு வானத்தைக் காட்டும் மேற்கூரை விதானம் அமைத்தபோது இருவரும் சேர்ந்து வேலை செய்தவர்கள்.

க்ராட்சரின் ஒரு கையில் பல முகம் கொண்ட சூரிய கடிகாரம். மறு கையில் டிவைடர், நம் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்குமே, இரண்டு காலும் கூர்முனையாக, அதேதான். கடிகாரம் இன்னும் முடியவில்லை. நிழல் விழவைக்கும் முள் எந்த முகத்திலும் இல்லை. இந்த வகைக் கடிகாரத்தில் சூரியன் எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு முகத்தில் வெயில் படும். ஆனால் ஒவ்வொரு முகத்தின் சாய்வும் வேறு என்பதால், மணிக்கோடுகளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப்போட்டு இழுக்க வேண்டும். அந்த வேலையின் நடுவில் நிமிர்ந்த ஆள் மாதிரி இருக்கிறார் மனிதர். சுவரிலும் மேஜையிலும் பட்டறைச் சாமான்கள். இதில் பந்தா எங்கே இருக்கிறது?

இதே மாதிரிக் கடிகாரம் 'தூதர்கள்' படத்திலும் உண்டு, முள்ளெல்லாம் வைத்து முடித்தது. வேடிக்கை என்னவென்றால், அதன் முகங்கள் ஒரே நேரத்தைக் காட்டவில்லை. மன்னர் ஹென்றி ரோமிலுள்ள போப்போடு முறித்துக்கொண்டிருந்த காலத்தின் குழப்பத்தை அது குறிக்கிறது என்பார்கள் சிலர். இருக்கலாம். ஆனால் க்ராட்சர் கண்ணில் பட்டிருந்தால், முதலில் அதை எடுத்துத் திருப்பி வைத்திருப்பார்.