பேர் ஒன்று, வருவது வேறு ஆள்: இன்னர் கிளாஸ் கேள்வி-பதில்

இந்த வாரக் கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புகார்தான்: ஒரு கிளாஸுக்குள் (அவுட்டர்) எழுதிய இன்னொரு கிளாஸின் (இன்னர்) உள்ளேயிருந்து ஒரு மெத்தடை, அதாவது பேர் வைத்த ஒரு வேலையை, கூப்பிட்டால் வேறு யாரோ வந்து நிற்கிறார்கள்.

ஜாவாவில் எண் வாங்கும் ‘பிரிண்ட்’ அவுட்டர் கிளாஸில், ஸ்ட்ரிங் வாங்கும் ‘பிரிண்ட்’ இன்னர் கிளாஸில். உள்ளேயிருந்து 5 கொடுத்துக் கூப்பிட்டால் எரர். ஓவர்லோடிங் (ஒரே பேரில், வாங்குவது மட்டும் வேறான மெத்தட்கள்) வேலை செய்யாதா? (மாணவர், பெருந்துறை)

கோடை மொழிபெயர்க்கிற கம்பைலர் முதலில் பேரை மட்டும்தான் பார்க்கும். உள்ளிருந்து வெளியே தேடிக்கொண்டு போய், எந்தக் கிளாஸில் அந்தப் பேர் முதலில் தென்படுகிறதோ அங்கேயே நின்றுவிடும். ஆர்க்யுமெண்ட் (கூப்பிடும்போது கொடுப்பது, இங்கே 5) பொருந்துகிறதா என்பது அப்புறம்தான். நம்ம பக்கம் பேரனுக்கு அப்பாரு பேர் வைக்கிறோமில்லீங்களா? வயசான ஆத்தா உள்ளூட்டிலிருந்து மகனை நினைத்து, ‘பழனிச்சாமி, மோட்டரை நிறுத்தீட்டு வா’ என்றால், ஜாவா கணக்கில் தொட்டிலில் கிடக்கிற கொள்ளுப்பேரன்தான் எழுந்து போகணும். அவனால் முடியாது, அதுதான் உங்கள் எரர். வாசலில் நிற்கிற மகனுக்குச் சத்தமே போகாது. அவர்தான் வேண்டுமென்றால் அவுட்டர் கிளாஸின் பேர், புள்ளி, திஸ், புள்ளி, மெத்தட் பேர் என்று முழுசாக எழுதுங்கள்.

ஸ்டேடிக் நெஸ்டட் கிளாஸிலிருந்து அவுட்டர் மெத்தடைக் கூப்பிட விடமாட்டேன் என்கிறது. (கோபி)

ஸ்டேடிக் என்று போட்டுவிட்டால் அதற்குப் பின்னால் அவுட்டர் ஆப்ஜெக்டே கிடையாது. ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடுகிற கன்ஸ்ட்ரக்டரில் ஒரு அவுட்டர் ஆப்ஜெக்டைக் கையில் கொடுங்கள்.

‘சார், கோட் ஓடலை, பாருங்க.’ (ஊர் போடவில்லை)

எந்த மொழி என்றும் போடவில்லை. செல்போனில் சாய்த்து எடுத்த போட்டோ, எரர் இருக்கிற வரி மேல் ட்யூப்லைட் வெளிச்சம். போன மாதமும் சொன்னேன்: எரரை எழுத்தாக அனுப்புங்கள்.

இன்னர் கிளாஸ், ஜாவாவின் த்ரெட் கிளாஸை (ஒரே நேரத்தில் இன்னொரு வேலையை ஓட்டுவது) எக்ஸ்டெண்ட் செய்கிறது. உள்ளே கெட்நேம் என்று கூப்பிட்டால் எரரே இல்லாமல் தப்பான பேர் வருகிறது. (கரூர்)

எரர் வந்திருந்தால் புண்ணியம். எக்ஸ்டெண்ட் செய்ததால் இன்ஹெரிட் ஆகி (வாரிசாக) வந்த மெத்தடும் இன்னர் கிளாஸின் சொந்தச் சொத்து மாதிரிதான். த்ரெட்டுக்கு ஏற்கெனவே ஒரு கெட்நேம் உண்டு; அதைத் தாண்டி உங்கள் அவுட்டருக்குத் தேடல் போகவே போகாது. 1997-இல் ஜாவா 1.1-உடன் இன்னர் கிளாஸ் வந்த நாளிலிருந்து இதே கதை.

நானும் பட்டிருக்கிறேன். ஒரு 15 வருஷம் இருக்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு டெலிவரி சலான் அடிக்கிற புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பார்ட்டி பேர் வரவேண்டிய இடத்தில் ‘த்ரெட்-0’ (த்ரெட்டுக்கு ஜாவா தானே வைக்கிற பேர்) என்று அச்சாகி லாரி ஏறிவிட்டது. முதலாளி போன் போட்டு, ‘ஏனுங்க, இதென்ன நூலுங்க, எத்தனாம் கவுண்ட்டு?’ என்றார். த்ரெட் என்றால் நூல்தானே, அந்த ஊரில் வேறென்ன கேட்பார்! கண்டுபிடிக்க எனக்கு 2 ராத்திரி.

த்ரெட்டை எக்ஸ்டெண்ட் செய்யாமல் ரன்னபிளை இம்ப்ளிமெண்ட் செய்யுங்கள். அதில் இருக்கிற மெத்தட் ரன் ஒன்றுதான். அதைவிட முக்கியம், கெட்நேம், ஸ்டார்ட், அப்டேட், பிராசஸ் என்று ஊர்ப்பொதுவான பேர் வைப்பதை நிறுத்துங்கள். ‘பார்ட்டிபேர்’ என்று வைத்திருந்தால் அந்த லாரி ஒழுங்காகப் போயிருக்கும். இன்னொன்று: லைப்ரரியின் (பிறர் எழுதி நாம் பயன்படுத்துகிற கோட்) அடுத்த வெர்ஷனில், நீங்கள் எக்ஸ்டெண்ட் செய்திருக்கிற சூப்பர் கிளாஸுக்கு உங்கள் பேரிலேயே ஒரு மெத்தட் சேர்ந்தால், மறுபடி கம்பைல் செய்த அன்றைக்கு உங்கள் அழைப்பு சத்தமில்லாமல் அங்கே திரும்பிவிடும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், முழுப் பேரையும் எழுதிக் கூப்பிடுங்கள்.

ஜாவாவில் அனானிமஸ் (பேரில்லாத) கிளாஸை லாம்டாவாக (சுருக்கமாக எழுதுகிற ஃபங்ஷன்) மாற்றினேன், டூஸ்ட்ரிங் (ஆப்ஜெக்டை எழுத்தாகக் காட்டுவது) வேறு மாதிரி வருகிறது. (சரவணம்பட்டி)

வரத்தான் செய்யும். லாம்டாவுக்குத் தனி வீடு கிடையாது. அதற்குள் திஸ் என்றால் வெளியே இருக்கிற ஆப்ஜெக்ட்.

பைதானில் உள்கிளாஸின் மெத்தடுக்குள் அவுட்டர் மெத்தட் பேரைச் சும்மா எழுதினால் நேம்எரர் (அந்தப் பேரே தெரியாது என்கிறது). (பொள்ளாச்சி)

பைதான் அங்கே எட்டிப் பார்க்கவே பார்க்காது. உள்ளே எழுதியிருப்பதால் உறவு வந்துவிடாது. அவுட்டர் ஆப்ஜெக்டைக் கொடுத்துப் புள்ளி வைத்துக் கூப்பிடுங்கள்.

கொடுத்தேன். இப்போது ஆட்ரிபியூட்எரர் (அந்த ஆப்ஜெக்டில் அப்படி ஒன்று இல்லை என்கிறது). மெத்தட் பேருக்கு முன்னால் 2 அண்டர்ஸ்கோர் (_) இருக்கிறது. (அவரே, மறுநாள்)

இதை முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம். முன்னால் 2 அண்டர்ஸ்கோர் போட்டால், அந்த வரி எந்தக் கிளாஸுக்குள் எழுதியிருக்கிறதோ அந்தக் கிளாஸின் பேரைப் பைதான் முன்னால் ஒட்டிவிடும். அவுட்டரில் அவுட்டர் பேர் ஒட்டியிருக்கிறது, நீங்கள் இன்னர் பேரை ஒட்டித் தேடுகிறீர்கள். ஒரு அண்டர்ஸ்கோரை எடுத்துவிடுங்கள்.