மைக் பாடியும் லேத் பட்டறையும்: வாங்குவோர் கேள்வி-பதில்

சொந்தமாக மைக் கட்டுகிறவர்கள் வட சென்னையில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மைக் பாடி, அதாவது மைக்கின் வெளிக்கூடு பற்றித்தான்.

வியாசர்பாடி: வெளிநாட்டு மைக் ஒன்றின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘இதே மாதிரி பித்தளையில் 12 பாடி’ என்று லேத் பட்டறையில் சொன்னேன். வந்த பாடிக்குள் சர்க்யூட் போர்டு நுழையவில்லை. பட்டறைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். கேஸ் போடலாமா?

யார் மேல்? போட்டோவில் அளவு இருக்காது தம்பி. உள்விட்டம் எவ்வளவு, தடிமன் எவ்வளவு, கேபிள் மாட்டும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் சாக்கெட் உட்காரும் ஓட்டை எவ்வளவு என்று ஒரு துண்டுச்சீட்டில்கூட எழுதித் தராமல், டர்னர் ஜோசியம் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள். ஸ்டாண்டில் திருகி மாட்டும் மரையைப் பற்றியும் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. மைக் ஸ்டாண்டுகளில் 3/8 அங்குலத்தில் ஒரு மரையும் 5/8 அங்குலத்தில் ஒரு மரையும் புழக்கத்தில் இருக்கின்றன. அதிலும் நீங்கள் மாட்டியிருக்கலாம், போய்ப் பாருங்கள். ஒரு சாம்பிள் செய்து, போர்டை உள்ளே வைத்துப் பார்த்த பிறகல்லவா மீதி 11-க்குச் சொல்லியிருக்க வேண்டும்? இப்போது ஒரே வழிதான். தடிமன் 3 மில்லிமீட்டர் இருந்தால், உள்ளே அரை மில்லி குடைந்து தரச் சொல்லுங்கள். கூலி உங்களுடையது.

ராயபுரம்: கறுப்பு அனோடைஸ் செய்த அலுமினிய பாடி வாங்கினேன். பார்க்க அழகு. ஆனால் மைக்கில் ‘ஊம்’ என்று ஓயாத இரைச்சல். அதே சர்க்யூட் பழைய தகர டப்பாவில் சுத்தமாக வேலை செய்தது. ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை. அனோடைசிங் பெயிண்ட் மாதிரி மேலே பூசுவது அல்ல, அலுமினியத்தின் மேலேயே வளர்க்கிற ஆக்சைடு படலம். அதில் மின்சாரம் பாயாது. கண்டென்சர் மைக்கில் சத்தத்தைப் பிடிக்கும் காப்ஸ்யூலிலிருந்து வருவது மிக நோஞ்சான் சிக்னல். சுற்றிலும் உலோகம் மூடி, அந்த உலோகம் எர்த்தோடு சேர்ந்திருந்தால்தான் வீட்டு ஒயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வராது. உங்கள் பாடியில் குழாய், மூடி, தலை மூன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது போல் தெரிந்தாலும், மின்சாரத்தைப் பொறுத்தவரை மூன்றும் தனித்தனி. மல்டிமீட்டரின் ஒரு முனையை எக்ஸ்எல்ஆரின் 1-ஆம் பின்னில் (அதுதான் எர்த்) வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு துண்டிலும் படலம் இல்லாத உலோகத்தையும் தலை வலையையும் தொடுங்கள். பீப் வராத இடம்தான் குற்றவாளி. மரையிலும் ஸ்குரூ உட்காரும் இடத்திலும் எமரி பேப்பரால் படலத்தைச் சுரண்டினால் போதும். விற்றவர் இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

பெரம்பூர்: 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக் பாடி அடித்தால் ஆகாதா?

உள்ளே முழுக்கச் செம்பு டேப் ஒட்டி எர்த்தோடு சேர்த்தால் ஆகும். இல்லாவிட்டால் ராயபுரத்துக்காரரின் கதைதான்.

திருவொற்றியூர்: ‘பாடி எவ்வளவு கனமோ அவ்வளவு நல்ல சவுண்டு’ என்கிறார் கடைக்காரர். அலுமினியத்தை விட்டுவிடட்டுமா?

இந்தக் கனப் பைத்தியத்தால் நானும் பணம் விட்டவன். பல வருடங்களுக்கு முன் பாரிமுனை நடைபாதையில் ஒரு மைக்கைக் கையில் எடுத்தேன். உரிக்காத தேங்காய் மாதிரி கனத்தது. பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். வீட்டில் திறந்தால், அடியில் பசை போட்டு ஒட்டிய இரும்புக் கட்டி! பெரிய தலைக்குள் கொண்டைக்கடலை அளவில் ஒரு காப்ஸ்யூல். அந்த இரும்பு இன்றும் என் மேஜையில் பேப்பர் பறக்காமல் காக்கிறது. 

கனமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க மைக் என்ன தர்பூசணியா? பித்தளையின் அடர்த்தி ஏறத்தாழ 8.5, அலுமினியத்தின் அடர்த்தி 2.7. ஒரே அளவில் செய்தால் பித்தளை மூன்று மடங்கு கனக்கும், அவ்வளவே. ஸ்டூடியோக்காரர்கள் கொண்டாடும் நாய்மன் யு 87 அரைக் கிலோதான். சத்தத்தைத் தீர்மானிப்பவை காப்ஸ்யூல், சர்க்யூட், காப்ஸ்யூலைச் சுற்றியுள்ள வலைத் தலையின் வடிவம். மெல்லிய குழாயைச் சுண்டினால் ‘டிங்’ என்று பாடும், அது உண்மை. உள்ளே கொஞ்சம் ரப்பர் ஒட்டினால் அடங்கிவிடும். பித்தளையில் லேத் வேலை சுளுவு, எர்த் ஒயரை நேராக சால்டர் வைக்கலாம், நிக்கல் முலாமும் நன்றாகப் பிடிக்கும். அலுமினியத்தில் சாதாரண சால்டர் ஒட்டாது, ஸ்குரூ போட்டுத்தான் ஒயரை மாட்ட வேண்டும். இதற்காகப் பித்தளை வாங்குங்கள், சரி. கனத்துக்காக வாங்கினால் ஸ்டாண்டின் கை தொங்கும்.

வண்ணாரப்பேட்டை: தலைக்கு வலை கிடைக்காமல் டீ வடிகட்டியை வெட்டிப் போட்டேன். தப்பா?

வீட்டில் டீ போடுகிறவரிடம் சொல்லிவிட்டுச் செய்திருந்தால் தப்பில்லை. அடி தாங்க வெளியே முரட்டு வலை ஒன்றும் போடுங்கள். பொடி வலையை மட்டும் அடுக்கினால் சத்தம் மங்கும்.

தண்டையார்பேட்டை: நான் செய்யும் பாடியில் பிரபல கம்பெனி பெயரை லேசரில் பொறித்துத் தருவார்களா?

தருவார்கள். அதைப் போட்டு விற்றால், 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் தருவார்கள்.

கொடுங்கையூர்: கானா பாடிப் பிழைக்கிறேன். ‘முழுப் பித்தளை, மேலே நிக்கல்’ என்று சொன்னதை நம்பி 5 பாடிக்கு 14,000 ரூபாயை ஜிபேயில் கட்டினேன். முலாம் உரிந்த இடத்தில் துரு. காந்தமும் ஒட்டுகிறது. கேட்டால் ‘பில்லா வச்சிருக்க, போ’ என்கிறார். வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாம் இருக்கிறது.

தம்பி, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. காந்தத்தை மட்டும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். நிக்கலும் காந்தத்துக்குக் கொஞ்சம் மசியும். ஆனால் பித்தளை பச்சை பூக்குமே தவிரத் துருப்பிடிக்காது. உள்பக்கம் அரத்தால் ஒரு இழு இழுத்துப் பாருங்கள், மஞ்சள் தெரியாவிட்டால் முடிந்தது கதை. 

பில் தராமல் விடுவதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆகவே ‘பில் இல்லை’ என்பது அவருக்கு எதிரான வாதம். ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப்பையும் பிரிண்ட் எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். மசியாவிட்டால் வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ‘தொழிலுக்கு வாங்கினவர் நுகர்வோரே இல்லை’ என்று அந்த ஆள் மடக்கப் பார்ப்பார். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது.

அந்த ஐந்து பாடியையும் பாலிஷ் போடாமல், யாருக்கும் கொடுக்காமல் அப்படியே கட்டி வையுங்கள். நோட்டீஸைத் தமிழிலேயே எழுதி முதலில் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.