சிக்னலில் பேனா விற்கும் சிறுமி

கேள்வி: வடபழனி சிக்னலில் எட்டு வயசு இருக்கும் ஒரு சிறுமி, இடுப்பில் கைக்குழந்தையோடு பேனா விற்கிறாள். காசு கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, விருகம்பாக்கம்

பதில்: காசைவிட ஒரு போன் முக்கியம், அம்மா. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். இலவசம், நள்ளிரவிலும் எடுப்பார்கள். எந்த சிக்னல், எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் நிற்கிறார்கள், இதெல்லாம் சொல்லுங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். எழும்பூர் ரயில் ஸ்டேஷனில், வீட்டைவிட்டு ஓடிவந்த பையன்களோடு பேசியிருக்கிறேன். டீயும் பன்னும் கையில் கொடுத்தாலும், "போலீஸ்ல சொல்லுவீங்களாக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அவ்வளவு பயம்!

மீட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் அழைத்துப் போக வேண்டும் என்கிறது 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். அந்தச் சிறுமியின் அம்மா அப்பா நடைபாதையிலேயே குடியிருந்தால், அவள் படிப்புக்கு வழி கேளுங்கள். வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பள்ளியும் சேர்க்க மறுக்க முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது.