தெப்பத்துக்கும் மாசிப் பச்சைக்கும் ஒரே விடுப்பு போதுமா?

பிப்ரவரியில் ஒரு வாரம் விடுப்பெடுத்தால், மதுரைத் தெப்பத் திருவிழாவையும் உசிலம்பட்டிப் பக்கமுள்ள தம் குலசாமி கோயிலின் சிவராத்திரிக் கும்பிடான மாசிப் பச்சையையும் சேர்த்தே முடித்துவிடலாமா என்று சென்னையில் பணிபுரியும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு வாரத்தில் எந்த ஆண்டும் இயலாது. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு வாரமாவது இருக்கும்; சில ஆண்டுகளில் அது ஆறு வாரமாக நீளும்.

தெப்பம் தைப் பௌர்ணமியோடு வரும் பூசத்தை ஒட்டியது. மாசிப் பச்சைக்குரிய சிவராத்திரியோ மாசித் தேய்பிறைச் சதுர்த்தசி, அதாவது அமாவாசைக்கு முந்தைய திதி. மாசி பிறப்பது பிப்ரவரி 13 வாக்கில் என்பதால், பூசம் பிப்ரவரியில் வந்தால் அதையடுத்த சதுர்த்தசியே மாசிக்குள் விழுந்து சிவராத்திரியாகிவிடுகிறது. 2025-இல் பூசம் பிப்ரவரி 11, சிவராத்திரி பிப்ரவரி 26. 2026-இல் பிப்ரவரி 1, பிப்ரவரி 15. பூசம் ஜனவரியிலேயே முந்திக்கொண்டால் பெரும்பாலும் அந்தச் சதுர்த்தசி தையிலேயே கழிந்துபோகும், அடுத்ததற்குத்தான் காத்திருக்க வேண்டும். 2024-இல் ஜனவரி 25-உம் மார்ச் 8-உம் வந்தது அதனால்தான். 2027-இல் ஜனவரி 22, மார்ச் 6. ஆக, அந்த ஆண்டு பிப்ரவரி விடுப்பால் இரண்டுமே கைக்கு வராது.

தெப்பநாள் பூசத்துக்கு ஒருநாள் முன்பின் அமைவதுண்டு. ஆகவே நாட்காட்டியைவிடக் கோயிலின் அறிவிப்பையே நம்புங்கள். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தில், கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் மைய மண்டபத்தைப் பகலில் இருமுறையும் இரவில் ஒருமுறையும் சுற்றிவரும். ஒரே ஒரு சுற்றுதான் பார்க்க முடியும் என்றால், கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும், விளக்கொளியில் வரும் இரவுச் சுற்றையே தேர்ந்தெடுப்பேன். அன்று சுவாமியும் அம்மனும் தெப்பக்குளத்துக்கு எழுந்தருளிவிடுவதால், திரும்பும்வரை மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்தியிருக்கும். சன்னதித் தரிசனத்தை வேறு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டுக்கும் விடுப்புக் கிடைக்காதென்றால் சிவராத்திரிக்கே வாருங்கள். தெப்பத்தை யாரும் பார்க்கலாம். குலசாமி கும்பிடுக்குப் பங்காளிகள் கூடுவது அந்த ஓர் இரவில்தான். பொங்கல் வைத்து, விடிய விடிய விழித்திருந்து, சில கோயில்களில் மறுநாள் சாமி வேட்டைக்குப் போகும் சடங்கான பாரிவேட்டையும் முடிந்த பிறகே கிளம்ப முடியும் என்பதால், மறுநாளையும் சேர்த்து விடுப்பு எழுதிக் கொடுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். பஞ்சாங்கத்தில் தேதி உறுதியானதும் போக வர இரண்டுக்கும் அப்போதே எடுத்துவிடுங்கள்.