தார் சுத்துற மெஷினுக்கு எந்த போர்டு? – வாசகர் கடிதம்

அண்ணா வணக்கம்,

நான் குடியாத்தம். வீட்ல லுங்கி தறி ஓடுது. அம்மாதான் தார் (நாடாவுக்குள்ள வைக்கற ஊடை நூல் குச்சி) சுத்துவாங்க, கை ராட்டைல. தோள்பட்டை வலிக்குதுன்னு சொல்லிகினே இருக்காங்க. அதான் 12 வோல்ட் டிசி மோட்டார் வச்சி, கால்ல பெடல அமுக்குனா ஸ்பீடு ஏறுற மாதிரி, நூல் அறுந்தா தானா நிக்கிற மாதிரி ஒண்ணு பண்ணலாம்னு இருக்கேன். அத கட்டுப்படுத்த ஒரு போர்டு (குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி) வேணும். காலேஜ் சீனியர் ஒருத்தரு ஆர்டுயினோ உனோ, நானோ எல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம், எஸ்டிஎம்32 வாங்குன்றாரு. ஃப்ரெண்டு இஎஸ்பி32தான்னு நிக்கிறான். ஒரு தடவதான் காசு போட முடியும். எதண்ணா வாங்கறது?

---

தம்பி,

நானோவே வாங்கு. உன் வேலைக்கு அது தாராளம். மிச்சமாகற காச மோட்டார் டிரைவர்ல (போர்டு சொல்றபடி மோட்டாருக்குக் கரண்ட் விடற சர்க்யூட்டு) போடு, ஏன்னா மெஷின் புகையறதோ ஓடறதோ அங்கதான் முடிவாகும்.

எந்த போர்டு வாங்குனாலும் அதோட பின்னு நேரா மோட்டார ஓட்டாது. நானோல இருக்கற ஏடிமெகா328 சிப்போட ஒரு பின்னுக்கு 20 மில்லிஆம்ப் வரைக்கும்தான் நிம்மதி, 40ன்றது தாண்டவே கூடாத எல்ல. உன் மோட்டார் ஸ்பிண்டில் (தார் சொருகற தண்டு) சிக்கி நின்னுச்சின்னா பல ஆம்பியர் இழுக்கும். எல்லாரும் கண்ண மூடிகினு வாங்கற எல்298 போர்டு வேணாம், அதுக்குள்ள இருக்கறது பழைய பைபோலார் டிரான்சிஸ்டர், 1 ஆம்ப் ஓடும்போதே கிட்டத்தட்ட 2 வோல்ட்ட உள்ளயே தின்னு சூடாக்கிடும். தவிர அது ரெண்டு பக்கமும் சுத்தறதுக்கான எச் பிரிட்ஜ், தாரு ஒரே பக்கம்தானே சுத்துது? ஒரே ஒரு மாஸ்ஃபெட் (பெரிய கரண்ட்ட திறந்து மூடற எலக்ட்ரானிக் சுவிட்ச்) போதும், ஆஃப் ஆகும்போது எகிறற வோல்ட்ட அடக்க மோட்டாருக்குக் குறுக்க ஒரு ஃப்ளைபேக் டையோடு, அதுவும் மோட்டார் கரண்ட்ட தாங்கற மாதிரி.

மாஸ்ஃபெட் வாங்கும்போதுதான் நீ நானோ வாங்குன லாபம் தெரியும். ஐஆர்எஃப்540 மாதிரி சாதாரணமானது கேட்ல (மாஸ்ஃபெட்ட திறக்கற கால்) 10 வோல்ட் இருந்தாதான் முழுசா திறக்கும். ஐஆர்எல்இசட்44என் லாஜிக் லெவல், நானோ குடுக்கற 5 வோல்ட்டுக்கே நல்லா திறந்துக்கும். இஎஸ்பி32, எஸ்டிஎம்32 ரெண்டும் 3.3 வோல்ட்டு, அரைகுறையா திறந்தா மாஸ்ஃபெட்டு கைய வைக்க முடியாத சூடாகும், அப்பறம் கேட்டுக்கு வேணுங்கற வோல்ட்ட குடுக்க கேட் டிரைவர் ஐசி தேடணும்.

கேட்லருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர மட்டும் மறந்துடாத. போர்டு ஆன் ஆகி உன் ப்ரோக்ராம் ஓட ஆரம்பிக்கற வரைக்கும் பின்னு அந்தரத்துல இருக்கும், அந்த நேரத்துல மோட்டார் திடீர்னு சுத்தலாம், அம்மா அப்பதான் ஸ்பிண்டில்ல காலி தார சொருகிகினு இருப்பாங்க. இஎஸ்பி32ல சில பின்னு பூட் ஆகும்போது தானாவே சிக்னல் வேற விடும். பெடலுக்கும் இதே மாதிரி யோசி. பெடல் திருப்பற பொட்டன்ஷியோமீட்டர் (திருப்புனா வோல்ட் மாறற குமிழ்) முழுக்க சுத்தாம நடு பாகத்துலயே வேலை செய்யற மாதிரி ஃபிட் பண்ணு, நானோல ரீடிங் 0லருந்து 1023 வரைக்கும் இருக்கும், அது 0 பக்கமோ 1023 பக்கமோ போச்சின்னா ஒயர் அறுந்துருக்குன்னு எடுத்துகினு மோட்டார நிறுத்து. எமர்ஜென்சி சுவிட்ச் ப்ரோக்ராம் வழியா வேணாம், மோட்டாருக்குப் போற 12 வோல்ட்டயே நேரா வெட்டணும்.

சீனியர் சிப்போட வேகத்த, மெகாஹெர்ட்ஸ் கணக்கு போட்டு சொல்றாருன்னு நெனைக்கிறேன். மோட்டார் வேலைக்கு அந்த கணக்கு பத்தாது, சிப்புக்குள்ள இருக்கற டைமர் (நேரத்தையும் பல்ஸையும் எண்ணற பகுதி) என்னென்ன செய்யும்னு பாக்கணும். ஸ்பிண்டில்ல ஒரு காந்தம் ஒட்டி எதிர்ல, காந்தம் கடக்கும்போது சிக்னல் குடுக்கற ஹால் சென்சார் ஒண்ணு வச்சா, 3000 ஆர்பிஎம்ல வினாடிக்கு 50 பல்ஸ் வரும். நானோவுக்கு அது ஒரு வேலையே இல்ல, சுத்து எண்ணி தாரு நெறஞ்சதும் நிறுத்திடலாம். அதே இடத்துல சுத்துக்கு 600 பல்ஸ் குடுக்கற என்கோடர் சென்சார் மாட்டி, ஒவ்வொரு பல்ஸுக்கும் சிக்னல் மாறற நாலு எட்ஜும் எண்ணுனா சுத்துக்கு 2400, வினாடிக்கு 1,20,000. 16 மெகாஹெர்ட்ஸ்ல ஒவ்வொண்ணுக்கும் 133 கிளாக்குதான் மிச்சம், இன்டரப்ட்டுக்குள்ள (ஓடற வேலைய நிறுத்திட்டு சிக்னல கவனிக்கறது) போய்ட்டு வரவே அதுல பெரும்பாதி போய்டும். எஸ்டிஎம்32எஃப்103ல டைமர்லயே என்கோடர் மோடு இருக்கு, ப்ராசசர தொடாம அதுவே எண்ணிக்கும். அந்த மாதிரி வேலைக்குதான் அந்த சிப்பு.

நாளைக்கு பிஎல்டிசி (பிரஷ் இல்லாத) மோட்டார் பக்கம் போனீன்னா நானே எஸ்டிஎம்32 வாங்குன்னு சொல்லுவேன். ஆறு மாஸ்ஃபெட்டு, ஜோடி ஜோடியா இருக்கும், ஒரே ஜோடில மேல இருக்கறதும் கீழ இருக்கறதும் ஒரு கண நேரம் சேந்து திறந்தா சப்ளையே ஷார்ட் ஆகும், ரெண்டும் போய்டும். நடுவுல டெட் டைம் (ரெண்டும் மூடியிருக்கற குட்டி இடைவெளி) விடணும், அத ஹார்ட்வேரே பாத்துக்கணும். எஃப்103ல டைமர்1 அத செய்யும். இன்னொரு எஸ்டிஎம்32, ஜி431னா 170 மெகாஹெர்ட்ஸோட கரண்ட் அளக்க ஆப்ஆம்ப்பும் (சின்ன சிக்னல பெருசாக்கறது) உள்ளயே இருக்கு. இஎஸ்பி32லயும் மோட்டார் பிடபிள்யூஎம்முனு (வேகமா ஆன், ஆஃப் பண்ணி ஸ்பீடு மாத்தறது) தனி யூனிட் உண்டு, ஆனா வைஃபை ஓடும்போது ஏடிசி2ன்ற, வோல்ட் அளக்கற பின்னுங்கள நம்ப முடியாது. உனக்கு வைஃபை எதுக்குன்னும் எனக்குப் புரியல.

சத்தம் பத்தி ஒண்ணு. நானோல 9ஆம் பின்னுல சும்மா அனலாக்ரைட் (ஸ்பீடு மாத்தற கட்டளை) போட்டா 490 ஹெர்ட்ஸ், மோட்டார் கிய்யின்னு கத்தும், நாள் பூரா பக்கத்துல உக்காந்துருக்கறவங்களுக்கு அது தலைவலி. அந்த பின்ன ஓட்டற டைமர்1 செட்டிங்க மாத்தி, ஐசிஆர்1ல (அது எது வரைக்கும் எண்ணணும்னு சொல்ற இடம்) 799 போட்டீன்னா 20 கிலோஹெர்ட்ஸ், காதுக்கு கேக்காது. அந்த வேகத்துக்கு மட்டும் கேட் டிரைவர் ஐசி ஒண்ணு சேத்துக்கோ, இல்லனா மாஸ்ஃபெட்டு மெதுவா திறந்து மூடி சூடாகும்.

போர்டு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி மோட்டார கையோட அளந்துடு. மல்டிமீட்டர் 10 ஆம்ப் ரேஞ்ச்ல வச்சி மோட்டாருக்குப் போற ஒயருக்கு நடுவுல மாட்டி, தண்ட கெட்டியா புடிச்சி ஒரே வினாடி, அவ்ளோதான். மீட்டர் ஓவர்லோடு காட்டுனா உடனே கழட்டிடு. அந்த நம்பரையும் மோட்டார் லேபிள் போட்டோவையும் எனக்கு அனுப்பு, மாஸ்ஃபெட்டு, டையோடு, ஃபியூசு மூணும் அதுக்கேத்த மாதிரி சொல்றேன்.