பவானி ஜமக்காளம்: அசல் எது?

கேள்வி: மகள் சீருக்குப் பவானி ஜமக்காளம் வாங்கணுங்க. கடையில் எல்லாத்தையும் பவானி என்கிறார்கள். அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னும் எத்தனை காலம் கிடைக்கும்?
– வாசகி, கோபி

பதில்: ஊடையை, அதாவது குறுக்கே ஓடும் நூலை, விரலால் விலக்கிப் பாருங்கள். அசலில் கலர் கோடுகள் ஊடையில்தான் ஓடும்; தடித்த ஊடை நூல், நெடுக்கே ஓடும் பாவு நூலை அடியோடு மூடியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், கைக்குக் கனக்கும். பாவு மேலேயே தெரிந்தால், தொளதொளவென்று மடிந்தால் வேண்டாம். முதல் அலசலைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் செய்து நிழலில் உலர்த்துங்கள். மற்ற துணியோடு போட்டால் சாயம் ஏறிவிடும்.

ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்க வழிசெய்த சட்டம் 1985-லேயே வந்துவிட்டது. ஆனாலும் விசைத்தறிப் போலி மலிவாக வருகிறது. குழிக்குள் கால் விட்டு ஓட்டும் குழித்தறியில் நாளெல்லாம் மிதிக்கிறவருக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிக் கூலியாவது கிடைத்தால்தான் பிள்ளைகள் தறியில் உட்காருவார்கள், ஜமக்காளமும் தொடர்ந்து கிடைக்கும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலேயே வாங்குங்கள்.